சித்தப்பாவுக்கு ஒரு நிரூபணம்

எங்கள் சித்தப்பா கடவுளைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஓர் ஆடி மாதத்து மதியம். எனக்கு அப்போது பத்து வயது. செவிலிமேட்டில் நாங்கள் கட்டிக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத வீட்டின் வாசலில், அப்பா சீரியல் பல்பு மாலைகளை நீளமாகத் தரையில் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். காற்று புழுதியை வாரி வீசியது. டவுன் பஸ் நின்று கிளம்பியதும் அந்தப் புழுதிக்குள்ளிருந்து சித்தப்பா வந்தார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி. இன்னொரு கையில் சணல் கயிற்றால் கட்டிய புத்தகங்கள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். குருமடத்தில் லீவு விடுகிற காலம் இல்லை அது.

"என்னாடா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுண்ணா."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா கையிலிருந்ததை வைத்துவிட்டு உள்ளே போனார். சித்தப்பா பின்னாலேயே போனார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். வாசலில் எனக்கென்று மிஞ்சியது டிரங்குப் பெட்டி மட்டும்தான். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் சத்தம் போடாமல் பேசினால் விஷயம் பெரியது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

விஷயம் மறுநாள் காலை வெளிவந்தது. எதிர்வீட்டு அத்தையிடம் அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "சாமியாராவறதுக்குப் படிக்கப் போனான்க்கா. போன எடத்துல சாமியவே தொலைச்சிட்டு வந்து நிக்கறான்."

தொலைந்தது என்றால் தேடலாம். பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். போன மாதம் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்து, மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த அனுபவமும் இருந்தது.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அப்பாவுக்கு மைக் செட்டும் விளக்கு அலங்காரமும் தொழில். காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு இல்லாத மாதம் கிடையாது. எந்தச் சாமி புறப்பட்டாலும் ஏதாவது ஒரு தெருவில் வெளிச்சம் அப்பாவுடையதாக இருக்கும். காலையில் பூசைக்குப் போய் முழங்கால் போட்டுவிட்டு, சாயங்காலம் பெருமாளுக்குச் சங்கையும் சக்கரத்தையும் பல்பில் சுழல விடுவார். அதில் அவருக்கு ஒரு சிக்கலும் இருந்ததில்லை. சிக்கலெல்லாம் படித்த தம்பிக்குத்தான் வந்தது.

தாத்தா தாமலில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவர். அவர் காலத்தில் எங்கள் ஆட்கள் ஊர்த் தெருவில் செருப்புக் காலோடு நடக்க முடியாது என்று அப்பா ஒருமுறை, வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, போகிறபோக்கில் சொன்னார். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போனபின், பதினாறு வயது இளைய தம்பியை அப்பாதான் வளர்த்தார். அந்தத் தம்பி அங்கி போட்டுக்கொண்டு பீடத்தில் நின்று கை உயர்த்தும்போது, எதிரே இருக்கிற அத்தனை ஜனமும் எழுந்து நிற்கும். அப்பாவுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது அடக்கிவைத்த பேச்சு உடைந்தது.

"கடவுளே இல்லைன்றியா?" என்றார் அப்பா.

"இல்லன்னு சொல்லலண்ணா. இருக்கார்னு வெறும் அறிவ வெச்சி நிரூபிக்க முடியலன்றேன். ரெண்டு வருசமா தத்துவம்தான் படிக்கறேன். ஒவ்வொரு நிரூபணமும் தூரத்துல இருந்து பாத்தா கோட்டை மாதிரி இருக்குது. கிட்டப் போய்த் தட்டினா ஓட்டை."

"இருந்துட்டுப் போவட்டுமே. மத்தவங்க சொல்லிக்கினுதான இருக்கறாங்க?"

"எனக்கே தெரியாத ஒண்ண நான் பீடத்துல நின்னு ஜனங்களுக்குச் சொன்னா, அது பொய் சொன்ன மாதிரிதான?"

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவர் எட்டாவதுவரை படித்தவர். ஆனால் கம்பியும் கரன்ட்டும் அவருக்குத் தெரியும்.

"இங்க பார்றா. பல்பு எரியுதுன்னா ஒயர்ல கரன்ட் வருது. ஒயர்ல வருதுன்னா எங்கியோ ஜெனரேட்டர் ஓடுது. ஏதோ ஒரு எடத்துல ஆரம்பிச்சிதான ஆவணும்? ஆரம்பமே இல்லாம பல்பு எரியுமா?"

"ஜெனரேட்டருக்கு டீசல் யாருண்ணா ஊத்தறது?"

"நான்தான்."

"உனக்குச் சோறு யாரு போடறது?"

"உங்க அண்ணி." அப்பாவுக்கு அதற்குள் கோபம் வந்துவிட்டது. "இப்ப இன்னாடா அதுக்கு?"

"இப்படியே பின்னாடி போய்க்கினே இருந்தா எங்கண்ணா நிக்கறது? ஒண்ணு மட்டும் யாரும் ஊத்தாம தானா ஓடும்னு வெச்சிக்கலாம்னா, அந்த ஒண்ணு ஏன் இந்த ஒலகமாவே இருக்கக் கூடாது? சரி, எங்கியோ ஒரு பெரிய ஜெனரேட்டர் இருக்குதுன்னே வெச்சிக்கோ. அது முன்னாடி முழங்கால் போடுவியா நீ? அம்மா செத்தன்னிக்கு அழுதுக்கினே கூப்ட்டியே, ஜெனரேட்டரையா கூப்ட்ட?"

அப்பா எழுந்து, சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். அவர் அப்படிச் செய்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நான் தேட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் யாரையாவது பிடித்து, "கடவுள் இருக்கார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். கிடைத்ததைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து சித்தப்பா முன்னால் வைப்பேன். அவர் அதைக் கையில் வாங்கி, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

முதலில் அம்மா. அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாதாவுக்கு நேர்ந்துகொண்டதால்தான் பிழைத்தாளாம். இதைச் சொன்னதும் சித்தப்பா, "அண்ணி, பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்களும் நேர்ந்துக்கினாங்க இல்ல?" என்று கேட்டார். அம்மாவின் முகம் மாறியது. அந்த அம்மாள் பிழைக்கவில்லை. சித்தப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

எதிர்வீட்டு அத்தையையும் கேட்டேன். அவர்கள் வீட்டில் எல்லோரும் திருநீறு பூசுகிறவர்கள். மாமாவும் அத்தையும் சேர்ந்து தறி நெய்தார்கள். அத்தை நூல் சுற்றுவதை நிறுத்தாமலே, "தெனம் காலைல தறிய தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் கண்ணு ஒக்கார்றேன். அங்க ஆள் இல்லாமயா கும்புடுவேன்?" என்றார். இது ஒரு நிரூபணமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் கொண்டுபோய்ச் சொன்னேன். சித்தப்பா இதை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. "ம்," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது, "சித்தப்பா, இருக்கறதுலயே கஷ்டமான நிரூபணம் எது?" என்று கேட்டேன். அவர் மிதித்துக்கொண்டே சொன்னார்.

"கடவுள்னா என்னா? நம்மளால நெனைக்க முடிஞ்சதுலயே பெருசு. அது வெறும் நெனப்புல மட்டும் இருக்குதுன்னு வெய்யி. அப்போ நெஜமாவும் இருக்கற ஒண்ணு அதவிடப் பெருசாயிடும் இல்ல? அதனால, நெனைக்க முடிஞ்சதுலயே பெருசுன்னா, அது நெஜமா இருந்துதான் ஆவணும்."

சைக்கிளின் பின்னால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடவுளுக்காக அல்ல. அடுத்த மாதம் எங்கள் கோயிலில் மாதா திருவிழா. எனக்குப் பட்டுப் பாவாடை வாங்கித் தருவதாக அப்பா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க வகுப்பில் உட்கார்ந்து, நினைக்க முடிந்ததிலேயே அழகான பாவாடையை நினைத்தேன். மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை, கரை முழுக்க மயில்கள். அது நிஜமாக இல்லை என்றால், நிஜமாக இருக்கிற என்னுடைய யூனிபார்ம் பாவாடைகூட அதைவிட ஒருபடி உசத்தியாகிவிடும். அது நடக்காது. ஆகவே அது இருந்துதான் ஆக வேண்டும். வீட்டுக்கு ஓடிவந்து பீரோவைத் திறந்தேன். அம்மாவின் பழைய சேலைகளும் நான்கு பாச்சை உருண்டைகளும் இருந்தன.

அழுதுகொண்டே போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காலத்துலயே ஒரு சன்னியாசி இதே கேள்விய கேட்டாரு பாப்பா. அவரு பாவாடை கேக்கல, தீவு கேட்டாரு. நெனச்சா மட்டும் பீரோவுக்குள்ள வந்துடாதுன்னு சொல்லிட்டாரு," என்றார். சன்னியாசிக்குத் தீவு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்த நிரூபணத்தின்மேல் எனக்கிருந்த மதிப்பு மட்டும் அன்றோடு போய்விட்டது.

தேடத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் என்னுள் ஒரு மாற்றம் வந்தது. எப்போது என்று சொல்ல முடியாது. சித்தப்பா வீட்டில் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. சாயங்காலம் பாலாற்று மணலுக்குக் கூட்டிப் போவார். தண்ணீர் என்று ஒன்று அங்கே இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு வெறும் மணல். அதில் நாங்கள் இருவரும் யார் தூரம் தாண்டுகிறோம் என்று போட்டி போடுவோம். இருபத்துமூன்று வயதுக்காரர் கொஞ்சமும் வெட்கப்படாமல் என்னிடம் ஏமாற்றுவார். டவுனுக்குப் போனால் மிளகும் சுக்கும் காரமாக ஏறிய கோயில் இட்லி வாங்கி, மந்தாரை இலையோடு கொண்டுவந்து கத்தியால் வெட்டிக் கொடுப்பார். அப்பாவின் விளக்கு வேலைக்கு உதவியாகக் கம்பம் ஏறி, மேலிருந்து கோழி மாதிரி கூவுவார். அவர் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை. பேசுவதற்கு எதிர்வீட்டுத் தறிச் சத்தம்தான் இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் கடவுளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருமடத்துக்குப் போய்விடுவார்.

அன்றோடு தேடுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதோடு விடவில்லை. படுக்கும் முன் ஜெபமாலை சொல்லும்போது, சித்தப்பாவுக்கு எந்த நிரூபணமும் கிடைத்துவிடக் கூடாது என்று கடவுளிடமே உருக்கமாக வேண்டிக்கொண்டேன். அதிலிருந்த வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்பா தேடுவதை நிறுத்தவில்லை. அவர் பங்குச் சாமியாரிடம் போனார். எல்லோரும் "சாமி" என்றே கூப்பிடுகிற அந்தப் பங்குச் சாமியார் தெற்கத்தி ஆள். அறுபது வயது இருக்கும். பிரசங்கத்தில் இருமல் பாதி, வேதம் பாதியாக இருக்கும். "சாமி, அவன் படிச்ச படிப்ப நீங்களும் படிச்சிருக்கீங்க. நீங்க சொன்னா எடுபடும்," என்று அப்பா கேட்டதும், திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அவருக்கு எங்கள் தெருவில் இன்னொரு வேலையும் இருந்தது. திருவிழாவன்று மாதாவுக்குச் சாத்தப் புதுப் பட்டுச் சேலை எதிர்வீட்டில் நெய்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சேலையை நான் நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவின் சொரூபம் மூன்றடிதான் என்பதால் நீளம் குறைவு. ஆனால் வேலை குறைவில்லை. வானத்து நீலம், ஜரிகைக் கரை, உடம்பெல்லாம் சின்னச் சின்ன அன்னங்கள். உடம்புக்கும் கரைக்கும் நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாக் கட்டை தனித்தனியாக வேண்டும் என்பதால் அத்தையும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நெய்தார்கள். முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டு ஓர் இடத்தைக் காட்டினார். ஒரே ஓர் அன்னத்துக்கு மூக்கு இல்லை. தறியின் மேலே ஏதோ ஒரு கொக்கி இழையைத் தூக்காமல் போயிருக்கிறது. கவனிப்பதற்குள் ஒரு சாண் நெய்தாகிவிட்டது.

"யாருக்கும் சொல்லிடாத கண்ணு. மடிப்புல போயிடும்," என்றார் அத்தை. சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பதினொரு மணி வெயிலில் சாமி தன் மொபெட்டில் வந்து இறங்கினார். அம்மா மோர் கொடுத்தாள். அத்தையும் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாமி அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். சித்தப்பா எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். அப்பா கதவோரம் நின்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி," என்று ஆரம்பித்தார் சாமி, "நான் பெரிய பெரிய புத்தகத்துக்கெல்லாம் போகல. இந்தச் சேலையப் பாரு. எத்தனை இழை, எத்தனை அன்னம், எவ்வளவு ஒழுங்கு. இது தானா நெய்துகிட்டதுன்னு ஒருத்தன் சொன்னா நீ ஒத்துக்குவியா? இதைப் பார்த்தா, நெய்தவன் ஒருத்தன் இருக்கணும்னு தெரியுது. வானத்தையும் பூமியையும் பாரு. எத்தனை ஒழுங்கு! அப்ப அதை நெய்தவனும் ஒருத்தன் இருக்கணுமில்ல?"

சித்தப்பா உடனே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சேலையைப் பார்த்தார். தலையை உயர்த்திக் கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்தார். அப்பாவின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. சித்தப்பாவின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. ஒரு மாதமாக எல்லோருக்கும் பதில் சொல்லிச் சலித்துப்போன முகத்தோடு, "சரிதான் சாமி..." என்று இழுத்தார்.

அந்த ஒரு வார்த்தையில் பெட்டி, புத்தகக் கட்டு, டவுன் பஸ் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

"அத ஒருத்தர் நெய்யல சாமி!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று தெரிந்ததால் மூச்சுவிடாமல் சொன்னேன்: "அத்தையும் மாமாவும் ரெண்டு பேர் நெய்யறாங்க. சாயம் போடறது வேற ஆளு. பாவு போடறது வேற ஆளு. அன்னம் வரைஞ்ச தாத்தா போன வருசமே செத்துட்டாரு, அவர் அன்னத்துக்காக ஓட்டை போட்டு வெச்ச டிசைன் அட்டை மட்டும்தான் தறிமேல ஓடுது. அதுல தப்பும் இருக்குது. ஒரு அன்னத்துக்கு மூக்கே இல்ல!"

அம்மாவின் கை என் தொடையில் பதிந்து திருகியது. வலி தெரியவில்லை. நான் அத்தையைத்தான் பார்த்தேன். அவர் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

சாமி சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மூக்கில்லாத அன்னத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பிரிச்சி மாத்தி நெய்ஞ்சி குடுத்துடறோம் சாமி," என்றார் அத்தை. "ரெண்டு பேரும் ராப்பகலா ஒக்காந்தா..."

"வேண்டாம்மா. மாதா இதையே கட்டிக்குவாங்க," என்றார் சாமி. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துத்தான் நின்றது. "முப்பது வருஷமா ஊர் ஊரா இதைச் சொல்லிட்டிருக்கேன். வீடு, கடிகாரம், சேலைன்னு. ஆள் நிறைய இருக்கலாம், கைத்தப்பு இருக்கலாம், செஞ்சவன் செத்துக்கூடப் போயிருக்கலாம்னு ஒரே மூச்சுல எனக்கு யாரும் சொன்னதில்ல."

பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது.

"உனக்கும் இந்த ஓட்டையெல்லாம் தெரியும். தெரிஞ்சும் சரின்னு சொல்ல வந்த. ஏன், அண்ணன் முகத்துக்காகவா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"உண்மையைச் சொல்றேன் தம்பி. காலையில பூசை வைக்கும்போது நான் இந்தச் சேலைக் கணக்கை நினைச்சுக்கிட்டு நிக்கிறதில்ல. நிரூபணத்தால வந்த சாமின்னா நிரூபணம் உடைஞ்சதும் போயிடும். நீ குருமடத்துக்குப் போனப்ப உனக்குப் பதினேழு வயசு. அப்ப எந்த நிரூபணம் உனக்குத் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சாமி."

"பின்ன எதுக்குப் போன?"

சித்தப்பா பாயின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே, "தெரியாத வயசுல போனேன்றதுக்காக அது உண்மையாயிடுமா சாமி?" என்று கேட்டார்.

"ஆகாது. நான் நிரூபணம் சொல்லல. அதுக்கு இந்தப் பிள்ளை ஓட்டை போட்டுடும். நான் கேள்விதான் கேட்டேன். வரணும்னா வா. வராட்டியும் நீ கெட்டவனாயிட மாட்ட. ஆனா உங்க அண்ணனுக்காக வர்றதா இருந்தா வராத."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்த கைகளைப் பிரித்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அவன் இஷ்டம் சாமி," என்றார். மூன்றே வார்த்தை. பிறகு கனைத்துக்கொண்டு, "கோயிலுக்கு சீரியல் இன்னும் நாலு செட் கட்டணும்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தொடையில் நீலம் பாரித்த இடத்தைத் தடவிக்கொண்டே அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

திருவிழா நல்லபடியாக நடந்தது. பட்டுப் பாவாடை அந்த வருடமும் வரவில்லை. பூப்போட்ட பருத்திப் பாவாடைதான். மாதா புதுச் சேலையில் தேரேறி வந்தார்கள். கூட்டத்தில் அத்தையைப் பார்த்ததும் நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரே வந்து என் காதைப் பிடித்து இழுத்தார். "பேச மாட்டியா? நீ சொன்னதும் நல்லதாப் போச்சி கண்ணு. இல்லன்னா இப்ப தேரப் பாக்காம அந்த மூக்கயே தேடிக்கினு நின்னிருப்பேன்," என்றார். காதை விடவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு தேர் பார்த்தார்.

சித்தப்பா அந்த வாரம் முழுக்கக் கம்பம் ஏறினார், கூவவில்லை. சாயங்காலங்களில் தனியாக ஆற்று மணலுக்குப் போய்வந்தார். நானும் வருகிறேன் என்றால், "இன்னிக்கி வேணாம் பாப்பா," என்பார். தேர் முடிந்த மூன்றாம் நாள் காலையில் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது.

எனக்கு நம்பவே முடியவில்லை. எந்த நிரூபணமும் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றையும் நானே கையோடு கிழித்துப் போட்டேன். அப்படியும் ஏன் போகிறார்? அப்பா பெட்டியைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை மூன்று முறை அவிழ்த்து மூன்று முறை போட்டார்.

சித்தப்பா இன்று ஒரு மலைப்பக்கத்துப் பங்கில் சாமியாராக இருக்கிறார். நரைத்துவிட்டார். நான் செவிலிமேட்டிலிருந்து நாள்தோறும் பஸ் பிடித்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கரும்பலகையில் ஒரு தேற்றத்தை முடித்துக் கடைசி வரியை எழுதும்போது, மறுக்க முடியாத அந்தச் சுகம் எனக்குப் பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை அவர் வரும்போது என்னென்னவோ பேசுகிறோம். அந்த ஒரு வாரம் மணலில் உட்கார்ந்து அவர் என்ன நினைத்தார் என்று மட்டும் நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லக்கூடியதுதானா அது என்றும் தெரியவில்லை.

அவர் கிளம்பிய அன்று காலை நான் பஸ் நிறுத்தத்துக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா தேடிக்கொண்டு வந்து எதிரே குந்தினார். என் தலையைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன்.

"ஏன் போற?" என்றேன்.

"நீ சொன்னதாலதான் பாப்பா போறேன்," என்றார்.

நெஞ்சில் கல் விழுந்தது. பொய்யாகத் தலையாட்டவிடாமல் நான் தடுத்ததைத்தான் அவர் சொன்னார் என்று புரியும்வரை, அந்தக் கல் பல வருடம் அங்கேயே கிடந்தது. பெரியவர்கள் பேசும்போது நடுவில் புகுந்து, சத்தியத்தை மீறி, சாமியாரை எதிர்த்துப் பேசினேன். அந்த அவமானம் தாங்காமல்தான் சித்தப்பா வீட்டைவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இனி யார் என்ன சொன்னாலும் வாயைத் திறப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்கக் கையே தூக்காமல் இருந்ததற்கு, டீச்சருக்கும் அம்மாவுக்கும் காரணம் தெரியாது.

கடைசியில் தாங்க முடியாமல் தெருமுனைவரை ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் சித்தப்பா தெரிந்தார். நான் செய்த குற்றத்தை நான் ஒப்புக்கொண்டாயிற்று. தண்டனையையும் எனக்கு நானே விதித்துக்கொண்டாயிற்று. ஆனால் ஒன்று மட்டும் எந்த விதத்திலும் பொருந்தவில்லை. வந்த நாளில் இல்லாத லேசான முகத்தோடு, என்னைப் பார்த்து, அவர் சிரித்துக்கொண்டே போனார்.